சேராத பிள்ளைகளின் பட்டியல்

இணுவில் தனியார் கம்பஸுக்கு எதிரே, லண்டன் பட்டம் தருகிறோம் என்று இன்னொரு கம்பஸ் திறந்த நாளிலிருந்து பணிப்பாளர் அருட்பிரகாசத்துக்கு நித்திரை இல்லை. அவருக்கு நித்திரை கெட்டால் படிப்பிக்கிறவர்களுக்கு நிம்மதி கெடும். வகுப்பறைகளுக்கு ஏசி வந்தது, சுவருக்குப் புதுப் பெயின்ற் வந்தது. பிள்ளைகள்தான் வரவில்லை.

போன மாதம் கணக்கியல் ரீச்சரின் மகன் எதிர்க் கம்பஸில் சேர்ந்துவிட்டான். "சொந்தப் பிள்ளையையே கூட்டிவர ஏலாதவ ஊர்ப்பிள்ளையளை எப்பிடிக் கூட்டிவருவா?" என்று கேட்ட பணிப்பாளர், மறுநாளே ரீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து கணினி படிப்பிக்கும் எமில்ராஜ் பணிப்பாளரின் கண்ணில் படாமல் திரிந்தார். அவருடைய மகள் டிலக்ஷியும் எதிர்க் கம்பஸில்தான். அனுப்பியதே அவர். இங்கே பாதிக் கணினிகள் படுத்துக் கிடப்பது அவருக்குத் தெரியாதா? குருநகரில் தன் வீட்டில் நடப்பது இணுவிலுக்கு எட்டாது என்று நம்பியிருந்தார், பாவி மனிதர்.

இன்று காலை பணிப்பாளர் அவரை அழைத்து முன்னால் இருத்தினார். விண்ணப்பம் வாங்கிப்போய்ச் சேராத பிள்ளைகளின் பட்டியல் மேசையில் கிடந்தது. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, சேராத காரணத்தை ஸ்பீக்கரில் கேட்பாராம். எமில்ராஜ் குறிக்க வேண்டுமாம்.

பதினோராவது வரியில் 'எ. டிலக்ஷி' என்று இருந்தது. அவள் முதலில் இங்கே விண்ணப்பம் வாங்கியதை மறந்தே போயிருந்தார். தகப்பன் பெயரை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் போடும் வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் அப்போதே பிடிபட்டிருப்பார். மகளை எச்சரிக்கலாமென்றால், அவருடைய போன் ஆசிரியர் அறையில் சார்ஜில் கிடந்தது.

"ஒருக்கா வெளியாலை போயிட்டு வாறன் சேர்."

"இருங்கோ எமில், இன்னும் ரெண்டு பேர்தான்."

பத்தாவது பெடியன் அங்கே லிப்ற் இருக்கிறது என்றான். எமில்ராஜ் அதைக் குறித்தார். பணிப்பாளர் அடுத்த இலக்கத்தை அழுத்தினார்.

"டிலக்ஷியோ? ஏன் பிள்ளை எங்களிட்டைச் சேரேல்லை?"

"உங்கடை கம்பஸிலை படிப்பிக்கிற ஒரு சேர்தான் வேண்டாமெண்டவர். பாதிக் கொம்பியூட்டர் வேலை செய்யாதாம்."

"எந்தச் சேர்?"

"அதைச் சொல்லமாட்டன். அவரின்ரை வேலை போயிடும்."

பணிப்பாளரின் முகம் கறுத்தது. போனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் எமில் உவன்? உங்களுக்குத் தெரியாமல் இராது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பயந்தவன் வாயில் அந்த ஒற்றைச் சொல் வரவில்லை. ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருக்கும் பிரகலாதனின் பெயர்தான் வந்தது. நேற்று மத்தியானமும் இருவரும் ஒரே சோற்றுப் பார்சலில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள்.

"பிரகலாதனாத்தான் இருக்கும் சேர்," என்றார். "அவர்தான் கொம்பியூட்டரைப் பற்றி எல்லாரிட்டையும் குறை சொல்லித் திரியிறவர்."

பணிப்பாளர் பட்டியலின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதினார். மேசையில் போன் இன்னும் நிறுத்தப்படாமல் கிடந்தது.

"அப்பா?" என்றாள் டிலக்ஷி.