மலையடி ஆஸ்பத்திரியில் நாய்த்தொல்லை

இடமாறுதல் கலந்தாய்வு காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு முதல் எண்ணைக் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷமாக அரசாங்கத்துக்கு ஊசி போடுகிறவளுக்கு இதெல்லாம் தாமதக் கணக்கிலேயே வராது.

இயக்குநரகத்தின் மூன்றாவது மாடிக் கூடம். நூற்றிருபது செவிலியர்களை ஒரே அறையில் உட்காரவைத்து மின்விசிறியையும் போட்டுவிட்டால் என்ன நடக்குமோ, அது நடந்துகொண்டிருந்தது. முன்வரிசை மொத்தமும் தோளில் தோள் சாய்த்துத் தூங்கியது. பாதிப் பேர் பணி முடிந்து நேராக வந்தவர்கள். ஒருத்தி கழுத்தில் இன்னும் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. எண்ணைக் கூப்பிடும்போது மட்டும் சொந்தக்காரி ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து போனாள். தூக்கத்திலும் காதைத் திறந்து வைத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்.

என் எண் அறுபத்திரண்டு. மேடைத் திரையில் காலியிடங்கள் வரிசையாக ஓடின. எனக்கு வேண்டியது பதினேழாவது வரி மட்டும். மலையடி அரசு மருத்துவமனை, செவிலியர், ஒரு இடம். எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினால் இருபது நிமிஷம். இப்போது நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம், இரண்டு பஸ். மகளுக்கு ஒன்பது வயது. அதில் ஏழு வருஷம் அவள் வீட்டுக்கு நான் விருந்தாளி. போன முறை வாசலில் பையை இறக்கி வைப்பதற்குள் கேட்டாள்: "எப்பம்மா கெளம்புவ?" கோபத்தில் கேட்கவில்லை. பஸ் நேரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது.

கலந்தாய்வு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இன்றைக்கு விட்டால் அவளுக்குப் பதினொன்று ஆகிவிடும்.

போன் அதிர்ந்தது. கணவர். என் அப்பாவின் ஜவுளிக் கடையை இப்போது நடத்துகிறவர். பேரம் பேசுவதில் அப்பாவுக்கே அப்பா.

"இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

"முகத்துல காட்டிக்காத. வேணுங்கற துணிய கையில எடுத்துடாத. பக்கத்துத் துணிய எடுத்துத் தடவு."

"நான் பொறந்ததே உங்க மாமா கல்லாவுக்குப் பின்னாலதான். எனக்கே பாடமா?"

"சரி சரி. படிஞ்சதும் சொல்லு."

வைத்துவிட்டார். கடையில் ஆள் நின்றிருக்கும்.

எனக்கு முன்னால் அறுபத்தொன்று, நிதானம் அக்கா. ஊசி போடும் முன் "நிதானம், நிதானம்" என்பார். அதை நோயாளிக்குச் சொல்கிறாரா, தன் கைக்குச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். நாற்பது வயதுக்காரியான எனக்கு ஒரே ஓர் எண் முன்னால் அவர் எப்படி வந்தார் என்று கேட்டால், அதுதான் எங்கள் உத்தியோகத்தின் அழகு. நான் மூன்று வருஷம் ஒப்பந்தத்தில் இருந்தேன். அவர் இருபது வருஷம் இருந்தார். இருவரையும் ஒரே நாளில், ஒரே உத்தரவில் நிரந்தரமாக்கினார்கள். பதவி மூப்பும் ஓய்வூதியமும் அந்தத் தேதியிலிருந்துதான். தேதி ஒன்றாக இருந்தால் வயதில் மூத்தவர் முன்னால். ஆக, இருபது வருஷ உழைப்புக்கு அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்தது, பட்டியலில் என் தலைக்கு மேல் ஒரு வரி.

நுழையும்போதே ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். 'பணித் திருப்தி ஆய்வு.' ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். அக்கா மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சம்பளம், மூன்று. சலுகைகள், மூன்று. குடியிருப்பு, மூன்று. பதவி உயர்வு, மூன்று.

"என்னக்கா, எல்லாத்துக்கும் மூணா?"

"ரெண்டு போட்டா ஏன்னு கேட்டு இன்னொரு தாள் வரும். நாலு போட்டா சந்தோஷமா இருக்கான்னு இருக்கறதையும் குறைப்பான். மூணுதான் பாதுகாப்பு."

"சீருடை துவைக்கிற படிக்குமா மூணு? அதுல சோப்பு வாங்கினா தண்ணிக்கு மிச்சமில்ல."

"தனியார்ல அதுவும் கெடையாது. என் தங்கச்சி மக அங்கதான் இருக்கா. நம்ம சம்பளத்துல பாதி, நம்ம வேலையில ரெண்டு பங்கு. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா அன்னிக்கு சம்பளம் இல்ல. நமக்கு லீவு எழுதிக் குடுத்தா, வாங்கிட்டுப் போய் எங்கயாவது தொலைக்கவாவது செய்யறாங்க."

கடைசிக் கேள்வி, வேலையில் மனநிறைவு. அங்கே மட்டும் ஐந்து போட்டிருந்தார்.

"இது என்ன, திடீர்னு தாராளம்?"

அக்கா பேனாவை மூடினார். "அதுலயும் மூணு போட்டா, பின்ன எதுக்குடி முப்பத்துநாலு வருஷமா வந்தேன்னு என்னையே நான் கேக்கணும். பதிலுக்கு யார்கிட்ட போறது?"

நான் என் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டேன்.

ஐம்பது தாண்டியது. நகரத்து இடங்கள் எல்லாம் போயின. அறுபதாம் எண்காரி மேடையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது திரையில் உருப்படியாக மிஞ்சியவை இரண்டு. மலையடி ஒன்று, பாலத்தடி ஒன்று. பாலத்தடி பெரிய ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரையைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்த மலையடிய எடுக்கலாம்னு இருக்கேன். சின்ன ஆஸ்பத்திரி. மாடி இருக்காதுன்னு நெனைக்கிறேன். என் முட்டி ரெண்டும் எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு."

அவர் சொன்னது என் பதினேழாவது வரியை. முகம் மட்டும் அசையவில்லை. கல்லாவுக்குப் பின்னால் பிறந்த முகம்.

"மலையடியா?" என்றேன், பழைய சரக்கைப் பார்த்த மாதிரி. "ஐயோ அக்கா, அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். யாரும் ஆறு மாசத்துக்கு மேல தங்க மாட்டாங்களாம்."

"ஏன்?"

"மாடி கட்டிட்டாங்க. மருந்து கீழ, வார்டு மேல. நாளைக்கு நாப்பது தடவ ஏறி எறங்கணும். டாக்டர் வாரத்துல மூணு நாள் எட்டிப் பார்த்தா பெரிசு. தண்ணி லாரியில வருது, வரும்னு சொல்றாங்க. அதவிட நாய். வளாகத்துக்குள்ளயே இருபது முப்பது. நாய்க்கடி ஊசி போட வர்றவன் போறப்ப இன்னொரு கடி வாங்கிட்டுத் திரும்ப வர்றானாம்."

அக்கா சிரித்துவிட்டார். சிரிக்க வைத்தால் பாதி விற்ற மாதிரி என்பது அப்பாவின் தொழில் பாடம்.

"பாலத்தடி எப்படி?"

"அது ராஜா அரண்மனை. பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். லிஃப்ட் இருக்கு, ஓடுது. குடியிருப்பு வளாகத்துக்குள்ளயே. குழாயத் திறந்தா தண்ணி."

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனால்தான் நன்றாக விழுந்தது.

"லிஃப்ட் ஓடுதா?" என்றார் அக்கா மெல்ல. "அப்ப அதுதான். பாலத்தடியே எடுத்துடறேன்."

வியாபாரம் முடிந்தது. இந்த இடத்தில் வாயை மூட வேண்டும். வாங்குகிறவர் பணப்பையைத் திறந்தபிறகு கடைக்காரன் பேசக் கூடாது. மீட்டர் அளந்து வெட்டு, மடி, காகிதத்தில் சுற்று. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் முந்தின நாள் முழுக்க நின்ற கால், ஆறு மணி நேர பஸ், காலையிலிருந்து ஒரே ஒரு டீ. களைத்த ஆளுக்கு நாக்குதான் முதலில் நழுவும். கொஞ்சம் அலங்காரம் செய்தால் அக்காவுக்குச் சந்தேகமே வராது என்று தோன்றியது.

"எடுத்துக்கங்கக்கா. நான்கூட அதத்தான் எனக்குன்னு நெனைச்சு வச்சிருந்தேன். குடியிருப்பு இருக்கே, பொண்ண கூட்டிட்டு வந்து கூடவே வச்சுக்கலாம்னு. பரவால்ல, உங்க முட்டிக்கு முன்னாடி எனக்கு என்ன அவசரம்?"

"பொண்ணா? எத்தன வயசு?"

"ஒம்பது."

"இப்ப யார்கிட்ட இருக்கா?"

"அவங்கப்பாகிட்டதான். மாசத்துல ரெண்டு தடவ போய்ப் பார்க்கறேன்."

அக்கா முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

"அறுபத்தொன்று!"

நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்தார். "நிதானம்," என்று கால்களுக்குச் சொன்னார். மேடையில் இணை இயக்குநர் அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"எந்த இடம்?"

"மலையடிங்க மேடம்."

மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. என் காதுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. கையெழுத்து, முத்திரை, முத்திரை. திரையில் பதினேழாவது வரி சிவப்பானது.

அக்கா திரும்பி வந்து என் கையை இறுக்கிப் பிடித்தார். "நீ பாலத்தடிய எடு. புள்ளைய கொண்டாந்து கூட வச்சுக்கோ. எனக்கென்னடி, நான் ஒத்தக் கட்டை. படியில உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன். நாயெல்லாம் நம்மள ஒண்ணும் பண்ணாது."

"அக்கா..."

"அறுபத்திரண்டு!"

மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"மேடம், இப்ப போன அறுபத்தொண்ணு... அத மாத்திக்க முடியுங்களா?"

இணை இயக்குநர் அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கண்ணிலும் தூக்கம்தான். "முத்திரை குத்தியாச்சும்மா. ரெண்டு பேரும் மனமொத்து மாத்திக்கணும்னா, புது இடத்துல சேர்ந்து ஒரு வருஷம் முடியணும். ஓய்வுக்குக் கடைசி வருஷத்துல இருக்கறவங்களுக்கு அதுவும் கெடையாது. பின்னால அறுபது பேர் இருக்காங்க. எந்த இடம்?"

இருந்த இடத்திலேயே இருந்தால் ஆறு மணி நேரம். பாலத்தடி என்றால் இரண்டரை.

"பாலத்தடி."

முத்திரை விழுந்தது.

வாசலில் அந்தத் திருப்தித் தாளைப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அக்கா தன்னுடையதைப் போட்டார். நான் மடித்ததை மடித்தபடியே போட்டேன். மூன்று மாடி இறங்க அக்காவுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. இயக்குநரகத்து லிஃப்டில் 'பழுது' என்று எழுதி, அந்த எழுத்தே மங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். எந்தப் பள்ளிக்கூடம் பக்கம், குடியிருப்பில் கீழ்த்தளம் கேட்டு வாங்கு, உடனே விண்ணப்பம் போடு. மகளுக்கு அவளுடைய பள்ளி, அவளுடைய தோழிகள், அவளுடைய அப்பா. அவள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே வந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

பஸ் நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஆமா, உன் வீடு எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லியே?"

இருபத்தைந்து பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தெம்புதான் இல்லை.

"மலையடியிலேர்ந்து இருபது நிமிஷம்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயிற்று. கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையால் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"படி?"

"இல்லக்கா. தரைத்தளம் மட்டுந்தான்."

"டாக்டர்?"

"தினமும் வர்றார். எட்டரைக்கே வந்துடுவார்."

"தண்ணி?"

"கெணறு இருக்கு. நல்ல தண்ணி."

"நாய்?"

"ஒண்ணு," என்றேன். "வயசானது. கண்ணு தெரியாது."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து முதுகில் கை வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "கடி வாங்கிட்டுத் திரும்ப வர்றானாம்," என்று சொல்லிச் சொல்லி, முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது முகம் மிகவும் களைத்துப்போயிருந்தது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? 'அக்கா, எனக்கு மலையடி வேணும்'னு. குடுத்திருப்பேனே."

"கேட்டுப் பழக்கமில்லக்கா."

"கேட்டா குடுக்கற இடத்துல நாம வேலை பார்க்கலியே," என்றார். அது என்னைச் சொன்னதா, தன்னைச் சொன்னதா என்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. கணவர்.

"படிஞ்சுதா?"

"பாதிக்குப் படிஞ்சுதுங்க. ரெண்டரை மணி நேரம்."

"மலையடி யாருக்குப் போச்சு?"

"தகுதியானவங்களுக்குத்தான்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவின் பஸ் வந்து நின்றது. படி உயரம். ஒரு கையை நான் தாங்க, "நிதானம், நிதானம்" என்று ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"இந்தா, கேளு. ரெண்டு வருஷத்துல நான் போயிடுவேன். அடுத்த கலந்தாய்வுல அந்த இடம் காலி. அதுவரைக்கும் பாக்கறவங்க கிட்டயெல்லாம் அந்த நாய்க்கதைய சொல்லிக்கிட்டே இரு. நானும் அங்கேர்ந்து சொல்லி வைக்கிறேன்."

"எத்தன நாய்னு சொல்லணும்க்கா?"

"முப்பது சொல்லிட்டல்ல? நாப்பதாக்கு."

பஸ் கிளம்பியது.