லீவர் தனியா வராது

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவர்களைப் பற்றி ஒரு தொகுப்பு போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர் கடைசியில், "கொஞ்சம் ஈரமா இருக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்கிற எல்லோருக்கும் இந்த ஈரம் தேவைப்படுகிறது. அவர்கள் பிள்ளைகள் படித்தால் அது படிப்பு. நாங்கள் படித்தால் போராட்டம்.

ஃபோனை வைத்துவிட்டுத் தங்கையிடம் பொரிந்து தள்ளினேன். அவளும் படித்தவள்தான், பஸ் பழுதுபார்க்கிற பட்டறையில் மெக்கானிக். நகத்திலிருந்து கிரீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் லீவர் வாங்கினத எழுதேன்க்கா."

"லீவர்ல என்னடி கதை இருக்கு?"

"நீ எங்க கேட்ட, நான் சொல்றதுக்கு?"

ஆகவே இது ஒரு லீவர் வாங்கிய கதை. ஈரம் வேண்டுவோர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "விடிந்தும் விடியாத பனியில், கிரீஸ் படிந்த கைகளோடு அவள்

அடித்துவிட்டேன். பட்டறை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "ஆண்களின் உலகத்தில் ஒற்றைப் பெண்ணாக...

இதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "பெயின்ட் செக்‌ஷன்ல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்களே, அவங்க என்ன ஆவியா?"

மூன்றாவது: அவளிடம் சொந்தமாக ஒரு லீவர் இல்லை.

இது நிற்கும்.

(லீவர் என்றால், ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும் இரண்டு இரும்புகளுக்கு நடுவில் நுனியைக் கொடுத்து நெம்பிப் பிரிக்கிற கனமான கம்பி. ஒரு முனை தட்டையாக, லேசாக வளைந்து இருக்கும். மறுமுனையில் பிடி. பாடப்புத்தகத்தில் நெம்புகோல். பட்டறையில் போய் நெம்புகோல் கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.)

3

அந்தப் பட்டறையில் அவரவர் சாமான் அவரவருடையது. ஸ்பேனர் கேட்டால் தூக்கிப் போடுவார்கள். லீவரை மட்டும் தர மாட்டார்கள். தப்பாக நெம்பினால் லீவரும் வளையும், கியர்பாக்ஸின் வெளிக்கூடும் விரிசல் விடும். அதனால் லீவர் தனியாக வராது. அதன் சொந்தக்காரரும் கூடவே வருவார். நியாயம்தான். ஆனால் வந்தவர் சும்மா நிற்க மாட்டாரே.

அவள் பஸ்சுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸின் எல்லா போல்ட்டையும் கழற்றி முடித்திருப்பாள். அது என்ஜினை விட்டு இறங்காமல் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் தலைமை மெக்கானிக்கைக் கூப்பிடுவாள். எல்லோருக்கும் அவர் ஹெட்டு.

"தள்ளு பாப்பா" என்று உள்ளே நுழைவார். இடப்பக்கம் ஒரு நெம்பு, வலப்பக்கம் ஒரு நெம்பு. இறங்கிவிடும். அதற்குப் பிறகு வேலை அவருடையது.

அந்தப் பட்டறையில் இன்னொரு பழக்கம்: வேலையை முடித்தவர்தான் சோதனை ஓட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவார். ஹெட்டு ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு போவார். அவள் வாசலில் நின்று கை துடைப்பாள்.

"போல்ட்டெல்லாம் நான்தானே ஹெட்டு கழட்டினேன்?"

"போல்ட்டு கழட்ட யாரால முடியாது பாப்பா?"

அவளுக்கு வேண்டியது அந்த சீட். வேறொன்றும் இல்லை. கதையில் பெரிய லட்சியம் தேடுகிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

4

ஹெட்டுவை நான் நம்பவில்லை. முதலில் வில்லனாக எழுதினேன். முறுக்கு மீசை, சிவந்த கண், வாய் நிறைய கெட்ட வார்த்தை. தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவருக்கு மீசையே கிடையாது. எனக்குக் காய்ச்சல்னா என் வேலையையும் சேத்துப் பாப்பாரு."

"அப்ப நல்லவரா?"

"நல்லவருதான். சீட்ட மட்டும் விட மாட்டாரு."

கெட்டவனை எழுதுவது சுலபம். என் கோபத்துக்கு உட்கார வசதியாக ஒரு முதுகு கிடைக்கும். நல்ல மனுஷன், நகர மட்டும் மாட்டான் என்றால் எழுதுகிறவள் என்ன செய்வாள்? மீசையை எடுத்துவிட்டேன். கோபத்தை வைத்துக்கொண்டேன்.

5

சம்பளம் வந்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைச் சாமான் விற்கிற கடைக்குப் போனாள். "ஏதோ வாங்கப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்ததால் அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு சின்னதாக ஒன்றை எடுத்தார். "லேடீஸுக்கு இது கைக்கு அடக்கமா இருக்கும்."

"கியர்பாக்ஸுக்குத் தெரியுமாண்ணே, நான் லேடீஸுன்னு?"

அம்மா சிரிப்பை முந்தானைக்குள் விட்டாள்.

அடுத்தது பளபளவென்று ஒன்று, பச்சைப் பிடியோடு. பிடியின் தலையைச் சுத்தியல் பிடிக்கும் கையால் தட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் சத்தம். கம்பி பிடிக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். வேலையில் நுனி இடுக்குக்குள் போகவில்லையென்றால் பிடியின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். இதை அடித்தால் பிடிதான் பிளக்கும். வேண்டாம். இன்னொன்றின் நுனியில் நீலம் ஓடியிருந்தது. சாணை பிடிக்கும்போது சூடேறி பதம் போன இரும்பு. மெழுகு மாதிரி மடங்கும். வேண்டாம்.

கடைசியில் ஒன்று. அழகே இல்லை. பிடி ஒரு மாதிரி பாசிப் பச்சை. ஆனால் கம்பி பிடியின் ஊடாக முழுக்க ஓடி, தலையில் இரும்புத் தொப்பியாக வெளியே வந்திருந்தது. நுனி ஒரே சீரான கனம். கடையின் ரேக்குக் காலுக்கு அடியில் நுனியைக் கொடுத்தாள்.

"ஏம்மா ஏம்மா! வாங்கிட்டு வளைம்மா!"

"வளைஞ்சே நின்னுட்டா வாங்க மாட்டேன்ணே."

முழு எடையையும் போட்டு அழுத்தினாள். ரேக் முனகியது. கம்பி மெல்ல வளைந்தது. கையை எடுத்ததும் நேரானது. நல்ல லீவர் என்றால் அதுதான்: வளையாமல் முறைக்கிறது உடையும், வளைந்தே கிடக்கிறது உதவாது, வளைந்து திரும்பணும்.

(இதைப் பெண்களின் வாழ்க்கைக்கு உவமையாக்கக் கை பரபரத்தது. கையைக் கட்டிப்போட்டேன். இது லீவர். லீவராகவே இருக்கட்டும்.)

"இதுக்கா நான் இந்தப் புடவை கட்டினேன்?" என்றாள் அம்மா. ஆனால் வீடு வரை அவள்தான் அதைத் தூக்கி வந்தாள், தோளில் சாய்த்து, தெருவே பார்க்கும்படி.

6

மறுவாரம் ஒரு பஸ், கிளட்ச் வேலை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மாற்றி மாற்றி நெம்பினாள். கியர்பாக்ஸ் பெருமூச்சு விட்டு ஜாக்கியின் மேல் இறங்கியது. கிளட்ச் தட்டை மாற்றி, திரும்ப ஏற்றினாள். கடைசி போல்ட்டுக்கு ஓட்டை நேராக வரவில்லை. லீவரால் நெம்பி நேராக்கி, போல்ட்டைக் கோத்து முடுக்கினாள். ஹெட்டு இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்தாள். உயரத்திலிருந்து பார்த்தால் இந்தத் தெரு இவ்வளவு அகலமா என்று

முதல் வேகத்தடை மேட்டில் ணங் என்றது.

"என்னம்மா, கீழ யாரோ பாத்திரம் கழுவுறாங்க?" என்றார் டிரைவர்.

அவள் ஜன்னலிலிருந்து முழங்கையை எடுத்தாள். கிளட்சை மிதிக்கச் சொன்னாள். சத்தம் இல்லை. கியர் மாற்றச் சொன்னாள். இல்லை. அடுத்த மேட்டில் மறுபடியும் ணங். வேலையில் கோளாறு என்றால் மிதிக்கும்போது வரணும். மேட்டில் மட்டும் வருகிறது என்றால்...

சாமான் பைக்குள் கைவிட்டாள். எல்லாம் இருந்தது. அது இல்லை. கடைசி போல்ட்டுக்கு இரண்டு கையும் வேண்டும் என்று லீவரை பஸ்சுக்கு அடியில் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்திருந்தாள். வைத்ததோடு சரி. சீட் நினைப்பு.

பேசாமல் இருந்தால் சாலையில் எங்கேயாவது விழுந்துவிடும். சொன்னால் மானம் போகும்.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

அடியில் புகுந்து பாசிப் பச்சைப் பிடியோடு வெளியே வந்தாள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. (தொகுப்பாளருக்கு: நீங்கள் கேட்ட ஈரம். இவ்வளவுதான் கிடைத்தது.) அதன் பிறகு எந்த மேட்டிலும் சத்தமில்லை. கிளட்ச் வெண்ணெய்.

7

முடிவுகள்.

மறுநாள் ஹெட்டுவே வந்து அவளிடம் லீவர் கேட்பதாக ஒன்று எழுதினேன். கைதட்டல் விழும். தங்கை கேலியாகப் பார்த்தாள். "அவருகிட்ட நாலு இருக்குக்கா. எங்கிட்ட எதுக்கு வரப்போறாரு?" அடித்தேன்.

"சரி, அப்ப என்னதான்டி ஆச்சு?"

"வாசல்ல நின்னுட்டிருந்தாரு. சத்தம் கித்தம் ஏதாவது வந்துச்சான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கதை எழுதுறவ நீதானே?" என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை, சிரிப்பில் போர்வை குலுங்கியது.

"வரல" என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் இருமியிருப்பார். உண்மையைச் சொல்லியிருக்கலாம்; பட்டறை ஒரு மாசம் அவளைப் பாத்திரக்காரி என்று கூப்பிட்டிருக்கும். இரண்டும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் தர மாட்டேன்.

வண்டி வாசலுக்குள் திரும்புகிறது. மடியில் லீவர். ஹெட்டு அண்ணாந்து பார்த்துக் கேட்டாயிற்று. பதிலை நீங்கள் சொல்லுங்கள், எதுவானாலும் சரி. அவளை அந்த சீட்டிலிருந்து மட்டும் இறக்காதீர்கள்.