மணல்தட்டில் படுத்திருந்தவன்

மணல்தட்டு என்பது ஒரு மரப்பெட்டி. நீளம் முப்பது அங்குலம், அகலம் இருபது, உயரம் மூன்று. உட்புறம் முழுவதும் நீல வண்ணம் பூசப்பட்டிருக்கும். மணலை விரலால் ஒதுக்கினால் அடியில் நீலம் தெரியும். அது தண்ணீர் போலத் தோன்றும். துயரத்தால் பேச்சிழந்தவர்கள் அலமாரியிலுள்ள சிறு பொம்மைகளில் தமக்கு வேண்டியதை எடுத்து அம்மணலில் வைப்பார்கள். ஆற்றுப்படுத்துநர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டை அவர் தொடக் கூடாது. ஏனெனில் அது வந்தவரின் உலகம்.

இவ்விதியை நான் பாடநூலில் படித்து, தேர்விலும் எழுதி, எழுபத்திரண்டு மதிப்பெண் பெற்றேன். என் பெயர் ஆறுமுகத்தாய். முப்பத்தெட்டாம் வயதில் பத்தாம் வகுப்பும், நாற்பத்தொன்பதாம் வயதில் உளவியலில் முதுகலையும் தேறியவள். அதற்கு முன்பு தாராவியில் தோல்பைகளுக்கு உள்துணி தைத்தேன். இவ்விரண்டில் எதையும் நான் மறைப்பதில்லை.

செம்பூரில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் எங்கள் மையம் இருந்தது. அதை நடத்தியவர் மாட்டுங்காவைச் சேர்ந்த டாக்டர் மாலதி. வயதில் என்னைவிடப் பத்தாண்டு இளையவர். அவருடைய ஆய்வுப்பொருள் பின்வருமாறு: நோயுற்றோரில் சிலருக்கு இதயம் நின்று, மீண்டும் துடிக்கத் தொடங்கும். அவ்விடைவெளியில் கண்டதை அவர்கள் குடும்பத்தாரிடம் சொல்வதுண்டு. அதற்கு இறப்பு விளிம்பு அனுபவம் என்று பெயர். சொன்னவர் சில நாள்களில் இறந்தும்விட்டால், எஞ்சியிருப்போர் அச்சொற்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? தாராவியிலிருந்து வருபவர்களின் பேச்சு மாலதிக்குப் பாதிதான் புரியும். ஆகவே நான் உதவியாளராக அமர்த்தப்பட்டேன். அறிக்கைகளையும் நானே எழுதினேன்.

“ஆறுமுகத்தாயம்மா, உங்க ரிப்போர்ட்டைப் படிக்கறதுக்கு நான் தினம் எங்கப்பாவை எழுப்பி அர்த்தம் கேட்க வேண்டியிருக்கு. கொஞ்சம் சாதாரணமா எழுதப்படாதா?” என்பார் மாலதி.

“இதுதான் டாக்டர் சாதாரணம்,” என்பேன். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

சனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ரோஸி வந்தாள். தாராவியில் துணிப் பட்டறையொன்றில் நூல் வெட்டுபவள். அவளுடைய ஒரே மகன் டென்சில், பத்தொன்பது வயதினன், முந்தைய மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் இறந்திருந்தான். தட்டையும் பொம்மைகளையும் பார்த்துவிட்டு அவள் உட்காராமலே நின்றாள்.

“எக்கா, இது என்ன, சின்னப்பிள்ளைய வெளையாடுத சாமானால்லா இருக்கு? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு ஆறு மணி பஸ்ஸப் பிடிச்சிருவேன்.”

“கேளு தாயி. மொதல்ல உக்காரு.”

“அன்னைக்கு நான் கூப்பிட்டிருந்தா அவன் வந்திருப்பானா, மாட்டானா? நீங்க படிச்சவிய. ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

அவள் கூறியவற்றின் சுருக்கம் இது. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் டென்சிலின் இதயம் நின்றது. மருத்துவர்கள் ஓடினர். ரோஸி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் வாயை வைத்து அவனைக் கூப்பிட்டாள். சில நிமிடங்களில் இதயம் துடித்தது. இரண்டு நாள் கழித்து, வாயிலிருந்த சுவாசக் கருவியின் குழாயை எடுத்ததும் அவன் பேசினான்.

“சொன்னான்க்கா. ‘ஒரு எடத்துல படுத்திருந்தேம்மா. வெக்கையும் இல்ல, குளிரும் இல்ல. ஒடம்பு வலியே இல்ல. எக்தம் நிம்மதி, அப்படியொரு நிம்மதி. நீ கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்’னான். பொறவு சொன்னான், ‘இன்னொரு தடவ கூப்பிடாதம்மா. ரொம்ப அசதியா இருக்கு.’”

ஆறாம் நாள் இதயம் மறுபடியும் நின்றது. அதே கதவு. ரோஸி தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள். இம்முறை அவன் வரவில்லை. அவள் கணவர் ஏசுதாஸ், கிங்ஸ் சர்க்கிளில் ஓர் ஓட்டலில் தோசை வார்ப்பவர், மருந்து வாங்கக் கீழே போயிருந்தவர், படியேறி வந்து ஒன்றே கேட்டார்: “கூப்பிட்டியா?” இல்லை என்றாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் வேறெதையும் பேசியதில்லை. “அன்னைக்கு வந்தாம்லா? அப்ப ஏன் கூப்பிடல?” என்பது மட்டும்தான்.

நான் மாலதியைப் பார்த்தேன். அவர் மூலையில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார்.

“தெரியாதும்மா,” என்றார் மாலதி மெல்ல. “யாருக்குமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நாங்க சொன்னா அது பொய்.”

“இவ்வளவு படிச்சுமா?” என்றாள் ரோஸி.

அக்கேள்வி மாலதியைவிட என்னைத் தைத்தது. ஆயினும் அவள் போய்விடவில்லை. அடுத்த வியாழனும் வந்தாள், அதற்கடுத்த வியாழனும். மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துவாள், முடித்ததும் மறுபடி தொடங்குவாள். மூன்றாவது வாரம் அலமாரியிலிருந்து சிவப்புச் சட்டையணிந்த ஓர் ஆண்பிள்ளைப் பொம்மையை எடுத்தாள். அதைத் தட்டில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அமர்ந்திருந்தாள். நான்காம் வாரமும் அவ்வாறே, ஐந்தாம் வாரமும் அவ்வாறே.

எங்கள் வினாப்படிவத்தில் பதினோராம் வினா ஒன்று உண்டு: மீண்டவர் தம்மைத் திரும்ப அழைத்ததாகக் கூறும் ஒலி அல்லது சொல், உள்ளது உள்ளவாறே. அதற்கு ரோஸி விடை தரவில்லை. “கூப்பிட்டேன், அவ்வளவுதான்” என்பாள். பெயரைச் சொல்லியா என்றால் தலையை மட்டும் அசைப்பாள். அது ஆமாமா இல்லையா என்று விளங்காது. அக்கட்டம் காலியாகவே இருந்தது. முற்றுப்பெறாத படிவம் எனக்கு உறுத்தலாக இருந்தது என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

ஏழாவது வாரம் அவள் பொம்மையைத் தட்டில் வைத்தாள். நடு மணலில், மல்லாக்கப் படுக்க வைத்தாள். பிறகு இரண்டு விரல்களால் மணலை இழுத்து, போர்வையைப் போல அதன் இடுப்பு வரை மூடினாள். வேறொரு பொம்மையும் வைக்கவில்லை. நாற்காலியில் முதன்முறையாக முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சு நீளமாக வந்தது. ஏழு வாரங்களில் அப்படியொரு மூச்சை நான் கேட்டதில்லை. மாலதி என்னை நோக்கிக் கண்ணசைத்தார்: அமைதியாக இருங்கள் என்று பொருள்.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மாலதியின் எழுத்து அவருக்கே தெரியாது என்று எண்ணி, நான் எழுந்து சுவிட்சைப் போட்டேன்.

அதன்பின் நடந்ததை என் கை செய்தது. எங்கள் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவரும் படுத்திருக்கக் கூடாது. இந்து வீடானாலும் வேதக்காரர் என்னும் கிறித்தவர் வீடானாலும் இதில் வேற்றுமை இல்லை. காய்ச்சலில் கிடந்த என் கணவரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். பிள்ளை பெற்று வந்த மகளை எழுப்பியிருக்கிறேன். ஐம்பது ஆண்டுப் பழக்கம். அதன் முன் என் முதுகலை நேற்று வந்தது. சுவிட்சிலிருந்து திரும்பிய நான் தட்டின் மேல் குனிந்து, அந்தப் பொம்மையைத் தூக்கி, காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, நேராக நிறுத்தினேன். வாயும் சேர்ந்துகொண்டது.

“எந்திரிலே, வெளக்கு வைக்கிற நேரமாச்சு.”

மாலதியின் பேனா நின்றது. ரோஸி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

“அதத்தாங்க்கா சொன்னேன்,” என்றாள். “அன்னைக்கும் பொழுதடையிற நேரம். ஆஸ்பத்திரில லைட்டப் போட்டாங்க. தெனமும் வீட்டுல சொல்லுததுதான, வாயில அதான் வந்துச்சு. பேரச் சொல்லல, ஏசப்பான்னு சொல்லல. இதத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எந்திரிச்சு வந்தான்.”

பொம்மை எங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

“ஏழு வாரமாச்சு அவனப் படுக்க வைக்க,” என்றாள். “இப்ப திரும்பவும் நாந்தான் படுக்க வைக்கணுமா? நீங்கதான எழுப்புனிய. நீங்க படுக்க வைங்க.”

நான் கையை நீட்டினேன். “வேண்டாம், இனிமே தட்டைத் தொடாதீங்க, ப்ளீஸ்,” என்றார் மாலதி. அவர் சொன்னது சரி. கை பாதியில் நின்றது. பொம்மையை யாரும் படுக்க வைக்கவில்லை. ரோஸி தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

விதிப்படி அன்றைய தட்டைப் படமெடுத்தேன். படத்தில் அவன் நிற்கிறான். பிறகு, விதிப்படியே, பொம்மையை அலமாரியில் வைத்து மணலைக் கலைத்தேன்.

“இந்த செஷனை ஸ்டடில சேர்க்க முடியாதும்மா,” என்றார் மாலதி. திட்டவில்லை. “என் மேலயும் தப்புதான். லைட்டை நான் முன்னாடியே போட்டிருக்கணும்.” குறிப்பேட்டை மூடிவிட்டு, “பதினோராம் கேள்விக்கு மட்டும் ஆன்சர் கிடைச்சுடுத்து,” என்றார். சொன்னதுமே அதற்காக வருந்தினார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை.

அடுத்த மூன்று வியாழன்களிலும் ரோஸி வரவில்லை. செல்பேசி எடுக்கப்படவில்லை. பாடநூலில் ‘முறிந்த நம்பிக்கையைச் சீர்செய்தல்’ என்றோர் இயல் உள்ளது. பிழையை நேரில் ஒப்புக்கொள்க, வந்தவரின் சினத்தைக் குறுக்கிடாமல் கேட்க, மன்னிப்பை வற்புறுத்தற்க. மாலதியின் ஒப்புதலைப் பெற்று, அவ்வியலை இரண்டு முறை படித்து, ரோஸியின் வீட்டுக்குப் புறப்பட்டேன். என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. பட்டறை விட்டு அவள் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மாலை ஆறரைக்குச் சென்றேன். நேரத்தை அவ்வாறு தேர்ந்தது என் இரண்டாம் பிழை என்று இப்போது தெரிகிறது.

வாசற்படியில் ஏசுதாஸ் அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வீடு இருட்டாக இருந்தது.

“வாங்க. நீங்கதான அந்த மண்ணு டாக்டரு?”

“டாக்டரு இல்லண்ணே. அவிய கூட வேல பாக்கேன். ரோஸி இருக்கால்லா?”

“இருக்கா. வேலைக்குப் போறா, வாறா, சோறு பொங்குதா. அந்தியானாப் படுத்துருதா. லைட்டப் போட விடமாட்டேங்கா. பக்கத்து வீட்டுக்காரி வந்து சத்தம் போட்டுட்டுப் போறா, வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமான்னு.”

“நீங்க எழுப்பிப் பாத்தியளா?”

அவர் கையில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“எந்த வாய வச்சு எழுப்ப? ஏன் கூப்பிடல, ஏன் கூப்பிடலன்னு எட்டு மாசமாக் கேட்டவன் நான். இப்ப நான் கூப்பிட்டா எந்திரிப்பாளா? எந்திரிச்சாலும் அது எப்படி இருக்கும்?” அவர் நகர்ந்து படியில் எனக்கு வழி விட்டார். “நீங்க படிச்சவிய. நீங்க கூப்பிடுங்க. உங்களுக்கு வழி தெரியும்லா.”

நான் படியேறி நிலையருகே நின்றேன். தெருவிளக்கின் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது. சுவரில் டென்சிலின் படம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சிறு பல்புகளின் சரம் எரியவில்லை. ரோஸி தரையில் மல்லாக்கப் படுத்திருந்தாள். போர்வை இடுப்பு வரை இருந்தது. கண்கள் மூடியிருந்தன, உறங்குகிறாளா என்பது தெரியவில்லை. மூச்சு நீளமாக வந்துகொண்டிருந்தது, அந்த ஏழாவது வாரத்தில் வந்ததைப் போலவே.

இயலின் வரிகளை நினைவுகூர்ந்தேன். ஒப்புக்கொள்வதற்கு அவள் விழித்திருக்க வேண்டும். விழிப்பதற்கு ஒருவர் கூப்பிட வேண்டும். ரோஸி என்று பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நாவில் வந்து நின்றது பெயரன்று, அந்த வாக்கியம். அதை விழுங்கினேன். மறுபடி திறந்தேன், மறுபடியும் அதுவே வந்தது.

சந்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு தாய் தன் பிள்ளையை அதட்டி எழுப்பினாள். ரோஸியின் கால்விரல்கள் போர்வைக்குள் ஒருமுறை அசைந்தன.

“என்னம்மா, கூப்பிடுதியளா?” என்றார் ஏசுதாஸ், பின்னாலிருந்து.

நான் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தேன்.