லாக்சோ வீட்டு கராஜ் கதவு

மார்லிஸ் காங்கஸ் தன் வீட்டு ஹாம் ரேடியோவின் மைக்கை அழுத்திப் பேசினால் பக்கத்து வீட்டு கராஜ் கதவு திறந்துகொண்டது. முதல் இரண்டு வாரம் இதை யாரும் நம்பவில்லை. மார்லிஸும் நம்பவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஆர்னே லாக்சோ வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்து அவள் வாசலில் நின்றபோதுதான் நம்பினாள்.

"மறுபடியும் திறந்துடுச்சு மார்லிஸ்."

"நான் இன்னும் குட்மார்னிங்கூட சொல்லி முடிக்கல ஆர்னே."

"அதைத்தான் சொல்றேன். நீ குட்மார்னிங் சொன்னா அது எழுந்து நின்னு மரியாதை பண்ணுது. உள்ள எனக்கு வாஷிங் மெஷின் இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. நேத்து குழாய் வெடிச்சு கராஜ் முழுக்க ஐஸ். ஸ்கேட்டிங் பழகலாம், வர்றியா?"

சுப்பீரியர் ஏரிக் கரையில் ஜனவரி மாதம். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. ஆர்னேவுக்கு எழுபத்தொரு வயது. பதினெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர். கதவு ஒழுங்காகும்வரை ரேடியோவில் பேசுவதில்லை என்று மார்லிஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாக்கு அவளுக்குச் சின்ன விஷயமல்ல. வார நாட்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மட்டும் அவள் வேறு ஆள். ஏரியைச் சுற்றி நாற்பது பேர் வரிசையாக அலைவரிசையில் வந்து ஐஸ் எத்தனை அங்குலம், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று சொல்வார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச்சை நடத்துவது மார்லிஸ். பதினொரு வருடமாக. இப்போது அதை ரேடியோ சங்கத்தின் மூத்தவரான ஹார்வியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஹார்வி நடத்தினால் நாற்பது பேரும் ஹார்வி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே புதிதாக ஒரு கம்பி ஆன்டெனா கட்டியிருந்தாள். ரேடியோவிலிருந்து அதன் நடுப்பகுதிக்குப் போகும் கேபிளின் உள்ளே ஓடவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு, மேலே போனதும் திரும்பி, கேபிளின் வெளித்தோல் மேலேயே இறங்கி வந்தது. கேபிளே ஆன்டெனாவாகிவிட்டது. அது ஆர்னேவின் கராஜை ஒட்டித்தான் தரைக்கு வந்தது. அந்த ஓட்டத்தைக் கேபிளின் தலைமாட்டிலேயே மறிக்க வேண்டும். அதற்கான சாதனத்துக்கு சோக் பேலன் என்று பெயர். மறிப்பது என்று முடிவாகிவிட்டது. எதை வைத்து மறிப்பது என்பதில்தான் அவள் உயிர் போனது.

தவறு அவளுடையதுதான். ரேடியோ சங்கத்துக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடும் உணவகத்தில் அவள் வாய்திறந்து கேட்டாள். ஏழு பேர் இருந்தார்கள். எட்டு யோசனை வந்தது.

"இது ஒரு விஷயமாம்மா?" என்றார் ராய்ஸ். தொலைபேசிக் கம்பத்தில் முப்பது வருடம் ஏறி இறங்கியவர். "நாலு அங்குல பிளாஸ்டிக் பைப் எடு. கேபிளை அதுமேல பத்து சுத்து சுத்து. செலவே இல்லை."

"அது எல்லா அலைவரிசைக்கும் தாங்குமா ராய்ஸ்?"

"எனக்குத் தாங்கிச்சு."

"உங்க வீட்டுப் பக்கத்துல கராஜ் இருக்கா?"

"பக்கத்துல வீடே இல்லம்மா."

அன்று மதியமே அவளும் கணவன் வார்டும் கயிற்றை அவிழ்த்து ஆன்டெனாவை இறக்கினார்கள். கையுறையோடு பிளாஸ்டிக் டேப்பைப் பிரிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடும். குளிரில் விறைத்த கேபிள் குழாயைச் சுற்றி வளைய மறுத்து வார்டின் தாடையில் அறைந்தது. ஒருவழியாகப் பத்துச் சுற்று. மேலே ஏற்றினார்கள். வார்ட் கைபேசியோடு ஆர்னேவின் கராஜ் முன்னால் போய் நின்றான். ஆர்னேவிடம் சொல்லிவிட்டு, சோதனைக்கு மட்டும், மார்லிஸ் முழுச் சக்தியில் நூறு வாட் கொடுத்தாள்.

"திறக்குது," என்றான் வார்ட்.

பாதியாகக் குறைத்தாள்.

"திறக்குது."

இருபத்தைந்து வாட்.

"மார்லிஸ், முன்னாடி இவ்வளவு கம்மியில திறக்காதே?"

திறக்காதுதான். ராய்ஸின் சுருள் ஓட்டத்தை மறிக்கவில்லை, கேபிளை இன்னும் நன்றாக இசைய வைத்திருந்தது. ஆர்னே கதவை மூடிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் ஹார்வி வீட்டுக்கே வந்தார். நாற்பத்தைந்து வருட ரேடியோ உரிமம் அவருடையது. அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். கோட்டுப் பையிலிருந்து டோனட் அளவில் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ராய்ஸ் பேச்சைக் கேக்கலாமா? ஃபெரைட் வளையம் வேணும், அதுதான் இந்த ஓட்டத்தை விழுங்கும். இதுல மெல்லிசு கேபிளைப் பன்னிரண்டு சுத்து விடு."

"இது எந்த ரகம் ஹார்வி? முப்பத்தொண்ணா, நாப்பத்துமூணா?"

"கறுப்பா இருக்குல்ல?"

"கறுப்பா இருந்தா?"

"கறுப்பா இருந்தா ஃபெரைட்தான். நாப்பத்தஞ்சு வருஷமா நான் பாக்காத வளையமா?"

மார்லிஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரக எண் எங்கும் இல்லை. ஆனாலும் கையில் இருப்பதை விட்டுவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லை. பன்னிரண்டு சுற்றையும் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினாள். மின்சாரக்காரர்கள் வைக்கும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடக்கினாள். பற்றவைத்தாள், ஈரம் புகாமல் பூசினாள். பார்க்க அத்தனை அழகாக வந்தது. மறுபடி கயிறு, மறுபடி மரத்த விரல், மறுபடி வார்ட் கராஜ் முன்னால்.

"திறக்குது."

அவள் மைக்கை மேசைமேல் வைத்தாள். எறிந்தாள் என்று வார்ட் பிறகு சொன்னான்.

அன்று சாயங்காலம் அவள் யாரையும் கேட்கவில்லை. பேருந்துக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் சீட்டுக்கட்டு அளவில் ஓர் அளவுக்கருவி இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து, பெட்டியை இறக்கித் திறந்து, சமையலறை மேசையில் வைத்து அளந்தாள். மறிப்பு குறைந்தது இரண்டாயிரம் மூவாயிரம் ஓமாவது இருக்கவேண்டிய இடத்தில் அறுபது இருந்தது. ஹார்வி கொடுத்தது ஃபெரைட்டே இல்லை. இரும்புத்தூளில் செய்து கறுப்பு வண்ணம் அடித்த வளையம். கத்தியால் சுரண்டியதும் வண்ணம் உரிந்து வந்தது.

"வார்ட், இங்க வா. இதைப் பாரு."

"என்னது?"

"நாப்பத்தஞ்சு வருஷம்."

முப்பத்தொன்றாம் ரக வளையத்தைக் கடையிலிருந்தே வரவழைத்தாள். ரகம் அச்சிட்ட பையில், தபாலில் வந்தது. இம்முறை மேலே ஏற்றுவதற்கு முன்பே அளந்தாள். மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல். வியாழக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, வெளிச்சம் போவதற்குள் ஏற்றினார்கள். நூறு வாட் கொடுத்தாள். வார்டின் குரலுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"வார்ட்? இருக்கியா?"

"இருக்கேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கதவு அப்படியே நிக்குது."

ஐந்து அலைவரிசையில் பேசிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. மார்லிஸ் அன்று ஒன்றுக்கு இரண்டாக, கறி அடைத்த பாஸ்டி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு ஆர்னேவின் போன் வந்தது.

"திறந்துடுச்சு. ரெண்டு தடவை. நேத்து சரியாயிடுச்சுன்னு சொன்னியே?"

"ஆர்னே, நான் ரேடியோவைத் தொடவே இல்ல. பஸ் கொட்டகையில நிக்கிறேன்."

"அப்ப பேயா திறக்குது?"

குழந்தைகளை இறக்கிவிட்டு நேராக அவர் கராஜுக்குப் போனாள். கையில் ரேடியோ பதிவேடு. எந்தத் தேதி, எந்த நிமிடம் பேசினாள் என்று எல்லாம் அதில் இருந்தது. வியாழன் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. ஆர்னே அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நோட்டுல எழுதலைன்னா பேசலைன்னு ஆயிடுமா? இதோ இந்தக் குழாயைப் பாரு. நேத்துதான் மாத்தினேன். மறுபடியும் உறைஞ்சா..." என்று குனிந்து குழாயைக் காட்டினார்.

கதவு கடகடவென்று மேலே போனது.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு மார்லிஸ் அவரைப் பார்த்தாள்.

"ஆர்னே, உங்க பின்பாக்கெட்ல என்ன இருக்கு?"

அவர் மெதுவாக நிமிர்ந்து கையை விட்டு எடுத்தார். ஒரு குறடு, ஒரு கைக்குட்டை, கதவின் ரிமோட்.

"இதை ஏன் பாக்கெட்ல வெச்சிருக்கீங்க?"

"ஏனா? கதவு நினைச்சப்பல்லாம் திறந்துக்குது. ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் வரைக்கும் ஓட எனக்கு என்ன இருபது வயசா? உன்னாலதான் இதைத் தூக்கிட்டு அலையறேன்!"

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆர்னே ரிமோட்டை அமுக்கிக் கதவை இறக்கினார். அவர் காது சிவந்திருந்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அப்போ இத்தனை நாளும் இதுதானா? நான்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். வெடித்த குழாய்க்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல ஆர்னே. வியாழக்கிழமை வரைக்கும் நான்தான். இன்னிக்கு மட்டும் நீங்க."

ஆர்னே தலையாட்டினார். ரிமோட்டைக் கொண்டுபோய்ச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மார்லிஸ் மறுபடி அலைவரிசையை ஏற்றுக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தால், ஆர்னே கம்பளிக் கோட்டோடு ஒரு மடக்கு நாற்காலியைக் கராஜுக்கு எதிரே பனியில் போட்டு உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருந்தார். அலைவரிசையில் முப்பத்தெட்டு பேர் வந்து போனார்கள். கிழக்குக் கரையில் ஐஸ் பதினான்கு அங்குலம். ஐம்பது நிமிடம் கதவு அசையவில்லை. ஆர்னே நாற்காலியை மடக்கிக்கொண்டு, அவள் ஜன்னல் பக்கம் ஒரு கையை லேசாக உயர்த்திவிட்டு உள்ளே போனார்.

மார்லிஸ் ரேடியோவை அணைத்தாள். விரல்நுனிகள் இன்னும் வெடித்துக் கிடந்தன. வார்ட் காப்பியோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"மார்லிஸ், அந்தக் கேபிளை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமா..."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. காப்பி ஆறுது," என்றான் வார்ட்.