கால்குலேட்டரின் கணக்கு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த டூட்டி டாக்டருக்குக் ‘கால்குலேட்டர்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும்கூட. ஒரு குழந்தை வந்து சேர்ந்ததுமே ரத்த அழுத்தம், மூச்சு, டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா என்பது வரை எல்லாவற்றையும் கணினியில் தட்டிவிடுவாள். இதே நிலைமையில் வருகிற நூறு குழந்தைகளில் எத்தனை பேர் பிழைக்காமல் போவார்கள் என்று அது ஓர் எண்ணைச் சொல்லும். வார்டின் வேலையை எடைபோடத்தான் அந்த எண், பெற்றவர்களிடம் சொல்ல அல்ல என்று பெரிய டாக்டர் தலைபாடாக அடித்துக்கொள்வார்.

மூலைப் படுக்கைச் சிறுமியின் அப்பா கேட்டபோது இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, கிருமி ரத்தத்தில் ஏறி, நினைவில்லாமல் வந்த ஆறு வயதுக் குழந்தை. இரண்டு கண்மணிகளும் அகல விரிந்து கிடந்தன. டார்ச்சுக்கு அசையவே இல்லை. மூளை பாழாகிவிட்டது என்பதற்கு அதைவிடக் கெட்ட அடையாளம் வேண்டாம்.

“மறைக்காம சொல்லுங்க டாக்டர்.”

“நூத்துக்கு எண்பது... தவறிப்போக வாய்ப்பு இருக்கு.”

அவர் அழவில்லை. பஸ் ஓட்டுகிறவர். தாயில்லாத பெண்ணைத் தங்கையின் துணையோடு வளர்க்கிறார். மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றார். “இதுக்கு மேல அவளைக் கஷ்டப்படுத்த வேணாம். அந்த மூச்சுக் குழாயை எடுத்துடலாமா?”

மதியம் பெரிய டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுப்பது என்று ஆயிற்று.

டூட்டி டாக்டரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மூச்சுக்குழாயில் சளியை உறிஞ்சும்போதெல்லாம் அந்தக் குழந்தை நன்றாக இருமியது. பாழாய்ப்போன மூளைக்கு இருமல் எங்கிருந்து வரும்? இருமலைத் தட்டக் கணினியில் இடமும் இல்லை.

யோசித்தபடி படியிறங்கியபோது சிறுமியின் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து அங்கேதான் பழியாய்க் கிடக்கிறாள். உள்ளே மட்டும் வரமாட்டேன் என்கிறாளாம்.

“ஏம்மா இங்கேயே இருக்கீங்க? வந்து ஒரு தடவை பாருங்க.”

“எந்த முகத்தோட வருவேன் டாக்டர்? அவ இப்படி ஆனதே என்னாலதான்.”

“என்ன சொல்றீங்க?”

“அவளுக்குக் கண்ணாடி போடணும்னு கண்ணாஸ்பத்திரியில சொன்னாங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி கண்ணுல போட மருந்து குடுத்தாங்க. அண்ணன் வண்டிக்குப் போயிடுவாரு, அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நான்தான் வேளை தவறாம போட்டேன். கூசுது அத்தை, வேணாம் அத்தைன்னு கத்தினா. அமுக்கிப் புடிச்சுப் போட்டேன். அதுக்கப்புறம்தான் ஜுரம் வந்துச்சு.”

டாக்டர் அதே படியில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த மருந்து இருக்கா?”

அத்தை கைப்பையைத் துழாவி ஒரு சின்னக் குப்பியை நீட்டினாள். பெயரைப் படிக்கும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்மணியை விரிய வைக்கிற மருந்து. டெஸ்ட்டுக்காகவே போடுவது. போட்டபின் சில நாளைக்கு டார்ச் என்ன, சூரியனே நேரில் வந்தாலும் கண்மணி சுருங்காது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டதற்கு அவர் ஜுர மருந்தை மட்டும் சொல்லியிருந்தார். அத்தையைக் கேட்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“உங்க மருந்தால ஜுரம் வரலம்மா. அது நெஞ்சுச் சளியால வந்தது. நீங்க இப்ப சொன்னீங்களே... எழுந்திருங்க, முதல்ல எழுந்திருங்க!”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணுக்கான அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றித் தட்டினாள். எண்பது இருந்த இடத்தில் எட்டு வந்து நின்றது.

பெரிய டாக்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கணக்கு நல்லாத்தான் போடுறே. கேக்க வேண்டிய ஆளைக் கேக்கல” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அதுவே இவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பாவிடம் தானே போய்ச் சொன்னாள். “தப்பு என்னோடது. நான் அந்த எண்ணைச் சொல்லியிருக்கவே கூடாது. அவ கண்ணு விரிஞ்சிருக்கிறது மருந்தால.”

“இப்ப எத்தனை டாக்டர்?”

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். “எண் வேணாம். ஆபத்து இன்னும் தாண்டல. ஆனா அவ பொழைச்சு வர நிறையவே வாய்ப்பு இருக்கு. குழாய் இருக்கட்டும்.”

அப்போதுதான் அவர் அழுதார். சின்னப் பிள்ளை போல விம்மி விம்மி அழுதார்.

அதன்பின் தாழ்ந்து கிடந்த ரத்த அழுத்தம் ஏறியது, ஜுரம் இறங்கியது. ஒரு காலையில் குழாயையும் எடுத்தார்கள். அத்தை படுக்கையருகே மூச்சுவிடாமல் நின்றாள். குழந்தை கண்ணைத் திறந்தாள், உடனே இறுக்கி மூடிக்கொண்டாள். தொண்டை கரகரத்தது.

“அத்தை, கூசுது. லைட்ட அணை.”

அத்தை கண்ணீரும் மூக்குமாக, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“பாத்தீங்களா டாக்டர்? நான் போட்ட மருந்து இன்னும் வேலை செய்யுது!”

கால்குலேட்டர் ஓடிப்போய் விளக்கை அணைத்தாள்.