இரண்டு பர்னரையும் மூடிய சருவம்

பட்டென்று ஒரே சத்தம், அடுப்பின் கண்ணாடி கல்கண்டுத் தூளாய் உதிர்கிறது, மேலிருந்த சருவம் ஒரு பக்கம் சாய்கிறது, கொதிநீர் மேடையிலிருந்து வழிகிறது, பிலோமி அலறுகிறாள், ஜெசிந்தா கண்ணைத் திறந்தால் அடுக்களையில் ஒன்றுமே நடக்கவில்லை, புது எவர்சில்வர் அடுப்பு உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது, அது வந்ததிலிருந்து அவள் பற்றவைக்கவே இல்லை, வேளாவேளைக்குக் கடைச் சாப்பாடுதான், குமிழில் கை வைத்தாலே காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது.

அன்று மகனுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள், கோயிலிலிருந்து ஆட்கள் நேரே விருந்துக்கு வருவார்கள், ஒத்தாசைக்கு வந்திருந்த பிலோமி மேடையோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கணவன் மெல்கியோரின் தங்கை, மதினி மதினி என்று ஜெசிந்தாவையே சுற்றி வருபவள், சோற்றுக்கு உலை வைக்க மெல்கியோர் அந்த அகலச் சருவத்தைத் தூக்கி வந்து கண்ணாடி அடுப்பின் இரண்டு பர்னரையும் மூடுகிற மாதிரி வைத்தான், வேண்டாங்க, சூடு வெளிய போவ வழியில்ல, கண்ணாடி தாங்காது, பின்னால ரிங் அடுப்புல வச்சிருவோம் என்று ஜெசிந்தா சொன்னாள், ஒண்ணும் ஆவாது போடி, எல்லாத்துக்கும் பயம் உனக்கு என்றான் அவன், பற்றவைத்தான், தீ சருவத்துக்கடியில் நெளிந்து பக்கவாட்டில் மஞ்சளாய் எட்டிப் பார்த்தது, அவன் பந்தல்காரனிடம் பேசப் போய்விட்டான், தீயைக் குறைக்கத்தான் அவள் கை நீட்டினாள், நீட்டிய கை இன்னும் கனவில் போய்ச் சேரவே இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, ரெகுலேட்டரை அவள்தான் மூடினாள், பிலோமியைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து காலில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள், யாரோ மாவு தடவச் சொல்ல, ஒண்ணும் தடவக் கூடாது, வண்டியக் கூப்பிடுங்க என்று கத்தியதும் அவள்தான், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து வந்து கேட்டவர்களிடம் மெல்கியோர், அடுக்களைல எப்படியோ ஆயிப்போச்சு என்றான், அந்த எப்படியோவுக்குள் ஜெசிந்தாவை உட்காரவைத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

இப்போது முன்னறையில் பேச்சுக்குரல், ரெஜினா சித்தி பார்க்க வந்திருக்கிறாள், கட்டிலில் கால் நீட்டிக் கிடக்கும் பிலோமியின் தொடைக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறாள், அடுப்படில நிக்கிறவ பாத்துக்கிட வேண்டாமா, பொம்பளைக்கு அதுகூடவா தெரியாது என்கிறாள், ஜெசிந்தா கதவோரம் நிற்கிறாள், சொன்னேனே, சொன்னேனே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறாள், மெல்கியோர் செல்போனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை, அண்ணே, நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா என்றாள் பிலோமி, முனகல் மாதிரிதான் கேட்டது, அவன் கேட்காதவன்போல் இருந்தான், அண்ணே, என் கால பாத்துச் சொல்லு.

அவன் பார்த்தான், கட்டின் விளிம்பில் சிவந்து உரிந்திருந்த தோலை முதல்முறையாய்ப் பார்ப்பவன்போல் பார்த்தான், நாந்தான் சித்தி சருவத்த வச்சேன், அவ வேண்டாம்னா, நான் கேக்கல என்றான், சரி விடு, ஆம்பளைக்கு அடுப்பப் பத்தி என்ன தெரியும் என்று சித்தி சட்டென்று பேச்சை மாற்ற, அதான் தெரிஞ்சவ சொன்னால்லா என்றாள் பிலோமி.

ஜெசிந்தா அடுக்களைக்குள் வந்துவிட்டாள், மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை, மெல்கியோர் பின்னாலேயே வந்து நின்றான், சித்திக்குக் காப்பி போடணும், எந்தப் பாத்திரத்த வைக்கட்டும் என்று கேட்டான், கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவன் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை, அவள் அடி தட்டையான சின்னப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள், நடுவுல வைங்க, தீ அடிய விட்டு வெளிய வரக் கூடாது, ஆடுதான்னு அசைச்சுப் பாருங்க, அவன் அடுப்பின் உறையைப் பிரித்தான், பாத்திரத்தை வைத்தான், அசைத்துப் பார்த்தான், பத்தவைக்கட்டா என்றான், அவள் குனிந்து பாத்திரத்தின் அடியைப் பார்த்தாள், அவன் லைட்டரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான், அவள் சொல்லும்வரை காத்துக்கொண்டே நின்றான்.