இன்னும் பார்க்கிறீர்களா?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ‘மென்பொருள் வேலையிலும் கற்கும் ஆனந்தத்தைக் காப்பது எப்படி என்று எழுதுங்கள், நல்லபடியாக முடியுங்கள்’ என்றார் ஒரு சிறப்பு மலரின் ஆசிரியர். நானும் அந்த வேலையில் குப்பை கொட்டுகிறவன்தான். ஆனந்தமாம்!

முதல் வரி: முதலமடை மாந்தோப்புகளில் காலைப் பனி மெல்ல... (வேண்டாம். காய்ந்த பூமி. பனியாவது மண்ணாவது.)

2

யோகப்பிரியா முதலமடையில் வீட்டிலிருந்தபடியே கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவள். மாதாமாதம் கட்டாயப் பயிற்சி வீடியோ உண்டு. நடுநடுவே ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று திரை கேட்கும். ‘ஆம்’ அழுத்தாவிட்டால் முதலிலிருந்து ஓடும். இந்த மாத வீடியோ ‘கற்றலின் ஆனந்தம்’. (நான் சேர்த்ததல்ல. சரி, நான்தான் சேர்த்தேன்.)

மறுபடியும் முதலிலிருந்து ஓடியபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தனக்குப் பதிலாக ‘ஆம்’ அழுத்தும் சின்ன நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தாள். அதற்கு, அவளுக்குத் தெரியாத கணினி மொழி ஒன்று வேண்டியிருந்தது. படித்தாள். தப்பாக ஓடியது. மறுநாளும் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

மாங்காய் லோடு ஏற்றிவிட்டு வந்த கணவன் குருசாமி எட்டிப் பார்த்தான். “ஏம்புள்ள, ஆபீஸ் வேலையப் பாத்துட்டா சிரிக்கற? ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?”

(குருசாமி தேவையா என்று சந்தேகம். ஆனால் அவள் சிரித்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். இருக்கட்டும்.)

3

வீடியோவின் கடைசிக் கேள்வி: ‘எந்தப் பகுதியையாவது பார்க்காமல் விட்டீர்களா?’

நிரல் அதற்கும் ‘ஆம்’ என்றது. ஆபீஸில் தோண்டிப் பார்த்ததில் நிரல் அகப்பட்டுவிட்டது.

மேலாளர் ஜிஜோ, தமிழ் புழங்கும் சித்திரபுரத்துக்காரர், ஃபோனில் வந்தார். “யோகா, நாலு மணிக்குள்ள அத அழிச்சிட்டு மன்னிப்பு எழுதிரும்மா. இல்லன்னா வேலைய விட்டே தூக்கிருவாங்க.”

“சரிங்க சார்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அழிக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு அனுப்பிரு. எனக்கும் வீடியோ மலையாக் கெடக்கு.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அனுப்ப மாட்டனுங்க. நீங்களே எழுதிப் பாருங்க. இத்தன வருசத்துல இந்த ரெண்டு நாளுதானுங்க சார் நான் படிச்சேன்.”

4

முடிவு அ: அழித்தாள், மன்னிப்பு எழுதினாள், வேலை தப்பித்தது. ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வயிறு எரிகிறது.

முடிவு ஆ: வேலையை உதறிவிட்டு மாந்தோப்பில் நிம்மதியாக... (சே! மருந்தடிக்கும் தோப்பில் அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்களா?)

மணி மூன்றே முக்கால். அழிப்பதற்காக நிரலைத் திறக்கிறாள். கடைசியாக ஒரு தடவை படிக்கிறாள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ‘இல்லை’ சொல்லவைக்க எங்கே கை வைக்க வேண்டும் என்று பளிச்சென்று பிடிபடுகிறது. கை பரபரக்கிறது. சிரிப்பு வருகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். அனுப்ப மாட்டேன். நீங்களே எழுதிப் பாருங்கள்.